புறாவா, மரபணுவா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 59. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், புகைப்பழக்கம் கிடையாது. இரண்டு ஆண்டுகளாக வறட்டு இருமலும், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பும் இருக்கின்றன. சி.டி. ஸ்கேன் பார்த்த மருத்துவர், காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோய் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். அப்பா இருபது ஆண்டுகளாக மாடியில் புறா வளர்ப்பதைக் கேட்டறிந்த இன்னொரு மருத்துவர், "புறாவால் வந்தது" என்கிறார். என் சித்தப்பா 47 வயதில் கல்லீரல் சுருங்கி இறந்தார்; அவர் குடித்ததே இல்லை. அத்தைக்குப் பல ஆண்டுகளாக இரத்தத் தட்டணுக்கள் குறைவு. அப்பா வழியில் பலருக்கும் இருபது வயதையொட்டித் தலை நரைத்துவிடும், எனக்கும் அப்படியே. நான் மூலக்கூறு உயிரியலில் முதுநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். இந்த நோயையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுக்க விரும்புகிறேன். அப்பாவின் நோய் புறாவால் வந்ததா, மரபணுவால் வந்ததா? நானும் தம்பியும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? என் குடும்பத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு மருத்துவர்கள் சொன்னதை விரிவாக எழுதிவிட்டு, சித்தப்பாவின் கல்லீரலையும் அத்தையின் தட்டணுக்களையும் நரையையும் ஓரிரு வரிகளில் முடித்துவிட்டீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் மிகுதியாகச் சொல்வது அந்த ஓரிரு வரிகள்தாம். நுரையீரல் மருத்துவரிடம் போனால் அவர் நுரையீரலைப் பார்ப்பார். கல்லீரலுக்கு ஒருவர், இரத்தத்துக்கு ஒருவர். இந்த மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு குடும்ப வரைபடத்தைப் பார்க்கும் வாய்ப்பு நம் ஊரில் அரிது. அந்த வரைபடத்தை நீங்கள் அறியாமலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

முதலில் புறாவைப் பார்த்துவிடுவோம். புறாவின் எச்சத்திலும், இறகிலிருந்து உதிரும் வெண்பொடியிலும் உள்ள புரதங்களை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றின்மீது திரும்பி, நுரையீரலில் அழற்சியை உண்டாக்கி, நாளடைவில் தழும்பாக முடியும். இதற்கு ஒவ்வாமை வழி நுரையீரல் அழற்சி என்று பெயர். இது காரணம் தெரியாத வகையினின்று வேறு நோய், சிகிச்சையும் வேறு. சி.டி. படத்தில் முன்னதில் கறுப்பும் சாம்பலும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். பின்னதில் நுரையீரலின் அடிப்பகுதியிலும் ஓரங்களிலும் தேன்கூடு போன்ற குழிகள் அடுக்கடுக்காக இருக்கும். இரண்டிலும் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஓசை கேட்கக்கூடும் என்பதால் காதை மட்டும் நம்பிப் பிரித்தறிய முடியாது. 2017-இல் வெளியான இந்தியப் பதிவேட்டில் 19 நகரங்களின் 27 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,084 நோயாளிகள் இருந்தனர். அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு இந்த ஒவ்வாமை வகையே இருப்பதாக முடிவு கூறப்பட்டது, காரணம் தெரியாத வகையோ 14 விழுக்காட்டுக்கும் குறைவு. சண்டிகரிலிருந்து வந்த இன்னொரு தொகுப்பிலோ முதலிடம் சார்காய்டோசிஸ் என்ற மூன்றாவது நோய்க்கு. ஒரே நாட்டில் இவ்வளவு வேறுபாடு வருவதற்கு நோய்களின் பரவல் மட்டும் காரணமாக இருக்க முடியாது, யாரிடம் என்ன கேட்டு எந்தப் பெயரை எழுதுகிறோம் என்பதும் காரணம் என்றே நான் நினைக்கிறேன். உங்கள் ஆய்வுக்கு இது முதற்பாடம்: நோய்க்குச் சரியான பெயர் வைக்காமல் மரபணுவைத் தேடினால், கிடைப்பது எந்த நோயின் மரபணு என்று தெரியாது.

இனி அந்த ஓரிரு வரிகளுக்கு வருகிறேன். நம் குரோமோசோம் ஒவ்வொன்றின் இரு முனைகளிலும், செருப்புக்கயிற்றின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் உறையைப் போல, டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற டி.என்.ஏ.வின் ஆறெழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி உண்டு, அதுவே டெலோமியர். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதில் சுமார் 50 முதல் 100 எழுத்துகள் தேய்ந்துபோகின்றன. தேய்ந்ததை மீண்டும் கட்டித்தரும் டெலோமரேஸ் என்ற நொதியை எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் 1984-இல் கண்டறிந்தது குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரில். ஜாக் சோஸ்டாக்கையும் சேர்த்து மூவருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. குளத்து உயிரில் தொடங்கிய அந்த ஆய்வு 2007-இல் நுரையீரலுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், தனித்தனியாக, குடும்பவழி நுரையீரல் தழும்பு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இந்த நொதியை உருவாக்கும் டெர்ட், டெர்க் ஆகிய மரபணுக்களில் பிறழ்வு இருப்பதை அந்த ஆண்டு வெளியிட்டன. பின்னர் ஆர்.டி.இ.எல்.1, பார்ன் முதலிய மரபணுக்களும் பட்டியலில் சேர்ந்தன. குடும்பவழி நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் டெலோமியரைப் பராமரிக்கும் மரபணு ஏதேனும் ஒன்றில் பிறழ்வு காணப்படுகிறது.

டெலோமியர் குட்டையானால் முதலில் தளர்வது செல்கள் பிரிந்து தம்மைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய திசுக்கள். முடியின் வேரில் நிறம் தரும் செல்கள் தளர்ந்தால் இளநரை. எலும்பு மஜ்ஜை தளர்ந்தால் தட்டணுக் குறைவும் இரத்தசோகையும். கல்லீரல் தளர்ந்தால், மதுவும் மஞ்சள்காமாலை வைரஸும் இல்லாமலேயே சுருக்கம். நுரையீரல் தளர்ந்தால் தழும்பு. ஒரே வீட்டில் இந்த நான்கும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இளநரை மட்டும் என்றால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். நம்மில் எத்தனையோ பேருக்கு எந்த நோயும் இன்றி இருபதிலேயே நரைக்கிறது. நான்கும் ஒரே வழியில், அப்பாவின் உடன்பிறந்தோரிடையே வருவது வேறு செய்தி. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது, நான் செய்யவுமில்லை. ஆனால் டெலோமியர் நீளத்தை இரத்தத்தில் அளந்துபார்க்கும் பரிசோதனைக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அப்படியானால் புறா நிரபராதியா என்று கேட்பீர்கள். இல்லை. ஒவ்வாமை வகையிலும், நாட்பட்ட தழும்பேற்றம் உள்ள நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு டெலோமியர் மரபணுப் பிறழ்வுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவர்களுடைய நோய் வேகமாக முற்றுவதும் தெரிந்திருக்கிறது. மாடியில் புறா வளர்ப்பவர் எல்லோருக்கும் நுரையீரல் தழும்பாவதில்லை. டெர்ட் பிறழ்வு உள்ள எல்லோருக்கும் தழும்பாவதில்லை. தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் குறைந்த நுரையீரலில், இருபதாண்டு காலம் நாள்தோறும் சிறுசிறு காயம் விழுந்தால் என்னவாகும் என்பதே உங்கள் அப்பா விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி. எனவே பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் புறாக்களை வேறிடம் அனுப்பிவிடுங்கள். கூண்டை அப்பா கழுவக் கூடாது. கழுவும் நேரத்தில் அவர் வீட்டிலேயே இல்லாமல் இருப்பது நல்லது. புறா போன பிறகும் அந்தப் புரதம் வீட்டுத் தூசியில் பல மாதங்கள் தங்கியிருக்கும். பிள்ளைகளைப் போல வளர்த்தவரிடம் இதைச் சொல்வது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

மரபணுப் பரிசோதனையைப் பொறுத்தவரை, நீங்களும் தம்பியும் இப்போது செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் செய்ய வேண்டியவர் அப்பா. நோயுற்றவரிடம் ஒரு பிறழ்வு கண்டுபிடிக்கப்பட்டு, அது நோய்க்குக் காரணமானது என்று உறுதியான பின்னரே, அந்த ஒரே இடத்தை உங்களிடமும் தம்பியிடமும் பார்ப்பதற்குப் பொருள் உண்டு. மாறாக, நலமாக உள்ள நீங்கள் நேரே போய்ப் பரிசோதித்தால், பெரும்பாலும் "முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்" என்று ஒரு வரி அச்சிட்ட தாள் கையில் வரும். அதை வைத்துக்கொண்டு நிம்மதியடையவும் முடியாது, அஞ்சவும் முடியாது. உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வழியினரின் மரபணுவே மிகுதி என்பதால், நம்மிடையே சாதாரணமாக இருக்கும் மாற்றம்கூட அங்கே அரிதாகத் தோன்றும். 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகையைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. இனி இந்தக் குழப்பம் சிறிது குறையலாம்.

இன்னொன்றும் உண்டு. அப்பாவிடம் பிறழ்வு இருந்தால் அது பிள்ளைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்பு. ஆனால் டெலோமியரின் நீளமும் விந்தணு, கருமுட்டை வழியே இறங்குவதால், பிறழ்வு வராத பிள்ளைக்கும் ஓரளவு குட்டையான டெலோமியர் வந்திருக்கலாம். பிறழ்வு வந்த பிள்ளைக்கோ பெற்றோரைவிட இளம் வயதிலேயே நோய் தோன்றலாம். எனவே "இல்லை" என்ற முடிவும் முழு இல்லை ஆகாது. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசாமல் இரத்தம் கொடுக்காதீர்கள். அதுவரை, இருவரும் புகைக்காமல் இருங்கள், ஆண்டுக்கொருமுறை முழு இரத்த எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் பாருங்கள், மூச்சுத்திறன் பரிசோதனை ஒன்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒப்பிட அது உதவும். அறிகுறி எதுவும் இல்லாத இந்த வயதில் சி.டி. ஸ்கேன் தேவையில்லை.

அப்பாவுக்குச் செய்யும் பரிசோதனையோ வெறும் அறிவுத் தேடல் அல்ல. காரணம் தெரியாத வகைக்கு, பிரெட்னிசோலோன், அசதயோப்ரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதே ஒருகாலத்தில் உலக வழக்கமாக இருந்தது, நானும் கொடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் அதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பாந்தர் என்ற ஆய்வு 2011-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்த 77 பேரில் 8 பேர் இறந்தனர். வெற்று மாத்திரை எடுத்த 78 பேரில் இறந்தவர் ஒருவர். ஆண்டுகள் கழித்து, சேமித்து வைத்திருந்த இரத்தத்தில் டெலோமியரை அளந்து பார்த்தபோது, அந்தத் தீங்கு டெலோமியர் குட்டையானவர்களிடமே குவிந்திருந்தது தெரிந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை, ஏற்கெனவே மஜ்ஜை தளர்ந்தவருக்குக் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உங்கள் அப்பா ஸ்டீராய்டு எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. ஆனால் குடும்ப விவரங்களை முழுதும் சொல்லி, தொடர வேண்டுமா, தழும்பேற்றத்தின் வேகத்தைக் குறைக்கும் பிர்ஃபெனிடோன் அல்லது நின்டெடானிப் பொருந்துமா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். பின்னாளில் நுரையீரல் மாற்று அறுவை என்ற பேச்சு வந்தாலும், அதற்கான மருந்துகளை அவருடைய மஜ்ஜை தாங்குமா என்பதை முன்கூட்டியே அறிய இதே பரிசோதனை உதவும்.

ஆய்வு பற்றி நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோயை ஆராய வருகிறவர்கள் பலரும் முதலில் தழும்பையே பார்க்கிறார்கள். பார்க்கத் தூண்டும் காட்சிதான் அது. நோயுற்ற நுரையீரலின் மெல்லிய வெட்டை நுண்ணோக்கியில் வைத்தால், ஒரு மூலையில் காற்று நுண்ணறைகள் வலைப்பின்னல் போல அப்படியே இருக்கும். அடுத்த மில்லிமீட்டரில் கட்டியான இளஞ்சிவப்புக் கொலாஜன் என்ற நார்ப்புரதம். இரண்டுக்கும் இடையே, வெளிர்நீலச் சேற்றில் மீன்கூட்டம் ஒரே திசையில் நீந்துவது போலத் தழும்புச் செல்கள் வரிசையாகப் படுத்திருக்கும் ஒரு சிறு திட்டு. நோய் முன்னேறிக்கொண்டிருக்கும் இடம் அதுவே. அந்தத் திட்டின்மேல் ஒரு மெல்லிய செல்வரிசை போர்வையாகக் கிடப்பதை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நோயின் தொடக்கம், என் கணிப்பில், அந்தப் போர்வையில்.

நம் நுரையீரலின் சுமார் 48 கோடி நுண்ணறைகளின் உட்பரப்பில் ஐந்து விழுக்காட்டை மட்டுமே மூடியிருப்பவை இரண்டாம் வகைச் செல்கள். நுண்ணறை ஒட்டிப்போகாமல் காக்கும் வழவழப்புப் பூச்சைச் சுரப்பதும் அவையே. காயம் பட்டால் பெருகி, தட்டையான முதல் வகைச் செல்களாக மாறி ஓட்டையை அடைப்பதும் அவையே. இதுவரை கிடைத்த மரபணுச் சான்றுகள் பலவும் இந்தச் செல்லையே சுட்டுகின்றன. 2001-இல் ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் கண்டறியப்பட்ட எஸ்.எஃப்.டி.பி.சி. பிறழ்வு, இந்தச் செல் மட்டுமே செய்யும் ஒரு புரதத்தைக் கெடுக்கிறது. தவறாக மடிந்த புரதம் செல்லுக்குள்ளேயே தேங்கி அதை நோகடிக்கிறது. டெலோமியருக்கும் இதே கதை. எலியின் இரண்டாம் வகைச் செல்லில் டெலோமியரின் காப்புப் புரதம் ஒன்றை நீக்கியபோது நுரையீரல் தழும்பானது. கொலாஜனைச் செய்யும் செல்களில் அதையே நீக்கியபோது தழும்பு வரவில்லை.

2020-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவற்றின் ஆர்.என்.ஏ.வைப் படித்தன. ஒரு குழு மட்டும் 3,12,928 செல்களைப் படித்தது. இரு குழுவினருமே, நலமான நுரையீரலில் ஏறக்குறைய இல்லாத ஒரு செல்லை நோயாளிகளிடம் கண்டார்கள்: இரண்டாம் வகையும் இல்லாமல் முதல் வகையும் ஆகாமல், பாதிவழியில் முதுமையடைந்து நின்றுவிட்ட மேற்பரப்புச் செல். அது கிடப்பது, நான் மேலே சொன்ன அந்தப் போர்வையில். சும்மாவும் கிடப்பதில்லை, ஆல்ஃபா-வி பீட்டா-6 என்ற இன்டெக்ரினை, அதாவது சுற்றுத் திசுவைப் பற்றியிழுக்கும் புரதத்தை, தன்மேல் நிறையத் தாங்கியிருக்கிறது. திசுவில் உறங்கிக்கொண்டிருக்கும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சைகைப் புரதத்தை இழுத்துப் பூட்டைத் திறந்துவிடுவது இந்த இன்டெக்ரின், திறந்துவிடப்பட்ட டி.ஜி.எஃப்-பீட்டா அருகிலுள்ள செல்களைக் கொலாஜன் இழைக்கச் செய்கிறது. கொலாஜன் இறுகியதும், அந்த இறுக்கமே இன்டெக்ரின் இழுக்கும் விசையைக் கூட்டுகிறது. தன் வாலைத் தானே விழுங்கும் இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்பதே மருந்துத் துறையின் தலைவலி. டி.ஜி.எஃப்-பீட்டாவை உடல் முழுதும் அடக்கினால் அழற்சியும் புற்றுநோயும் தலையெடுக்கும் அச்சம். இன்டெக்ரினை மட்டும் தடுத்த எதிர்ப்பொருள் ஒன்றின் சோதனை, பாதுகாப்புக் காரணத்தால் பாதியில் நின்றது.

மரபணு ஆய்வில் நுழைகிற எவரும் எம்.யு.சி.5பி கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோழையின் புரதம் ஒன்றைச் செய்யும் இந்த மரபணுவுக்கு முன்னால், அதை இயக்கும் பகுதியில், ஓர் எழுத்து மாறியிருப்பதை 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். மரபணுவின் படிகளை எண்ணினால், அந்த மாற்றெழுத்து இருந்தது நோயாளிகளின் படிகளில் 38 விழுக்காட்டில், மற்றவர்களின் படிகளில் 9 விழுக்காட்டில். மூச்சுக்குழாயின் கோழை மரபணு நுண்ணறை நோயில் எப்படி வந்தது என்று துறையே திகைத்தது. ஆளுக்கு இரண்டு படிகள் என்பதால், அந்த மாற்றெழுத்து ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அதைவிட விந்தை, நோய் வந்தவர்களுள் அந்த எழுத்தைச் சுமப்பவர்கள் சுமக்காதவர்களைவிட நீண்டகாலம் வாழ்ந்ததாக 2013-இல் வெளிவந்தது. நோயைக் கொண்டுவரும் காரணமும் நோயை நடத்திச்செல்லும் காரணமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கிழக்காசியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் இந்த எழுத்து மிக அரிது என்பதால், அங்கே அவர்களுக்கு நோயைக் கொடுப்பது எது என்பது தனிக் கேள்வி.

ஆய்வகம் தேர்ந்தெடுக்கும்போது, அவர்கள் எதில் சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை எலியின் மூச்சுக்குழாயில் விட்டுத் தழும்பை உண்டாக்குவது அரை நூற்றாண்டு வழக்கம். இளம் எலியில் அந்தத் தழும்பு சில வாரங்களில் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். அறுபது வயது மனிதனின் தழும்பு கரைவதில்லை. எலியைக் குணமாக்கிய மருந்துகள் எத்தனையோ மனிதனிடம் தோற்றதற்கு இது ஒரு காரணம். எலியை ஒதுக்கச் சொல்லவில்லை. மனிதத் திசு கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன். நாட்டில் நுரையீரல் மாற்று அறுவை மிகுதியாக நடக்கும் ஊர்களில் சென்னை முன்வரிசையில் இருக்கிறது. எடுக்கப்பட்ட பழைய நுரையீரலை, உரிய ஒப்புதலோடு, அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடுள்ள குழுவைத் தேடுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் சொன்ன செல்தொகுப்புத் தரவுகள் எவரும் இறக்கிப் பயன்படுத்தும்படி திறந்தே கிடக்கின்றன. ஆர் என்ற கணினி மொழியும் பொறுமையும் இருந்தால் இந்த மாதமே தொடங்கலாம்.

தலைப்பு என்று ஒன்றைக் கேட்டால், உங்கள் முதற்கேள்வியையே திருப்பித் தருவேன்: புறா, ஏர்கூலர் முதலியவற்றால் தழும்பு வந்த இந்திய நோயாளிகளில் டெலோமியர் எவ்வளவு குட்டை, அதில் மரபணுவின் பங்கு எவ்வளவு? மேற்கத்திய ஆய்வகங்களைவிட நமக்கு அருகில் இருக்கும் கேள்வி இது.

ஆனால் உங்கள் குடும்பத்தை நீங்கள் ஆராய வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஒப்புதல் என்பது வற்புறுத்தலின்றி வர வேண்டும் என்கின்றன. மகள் நீட்டும் படிவத்தில் எந்த அப்பா கையெழுத்திட மறுப்பார்? அத்தை மகனிடம் பிறழ்வு இருப்பதை அவர் அறியும் முன் நீங்கள் அறிந்தால், அடுத்த திருமண வீட்டில் அவரோடு எப்படிப் பேசுவீர்கள்? உங்கள் குடும்பத்தின் மாதிரிகளை வேறொரு குழு, உங்கள் கைக்கு முடிவுகள் நேரே வராத வகையில், கையாளட்டும். நீங்கள் முகம் தெரியாத நோயாளிகளின் நுரையீரலைப் படியுங்கள்.

அத்தை மதுரையில்தான் இருக்கிறார் என்றால், அவருடைய பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களை வாங்கி, எம்.சி.வி. என்ற வரியைப் பாருங்கள். தட்டணுக் குறைவோடு அந்த எண்ணும் 100-க்கு மேல் இருந்தால், சிவப்பணுக்கள் பருத்திருக்கின்றன என்று பொருள், மஜ்ஜை தளர்ந்தால் அப்படி ஆவதுண்டு. வைட்டமின் பி12 குறைவாலும் அப்படி வரும் என்பதால் அதையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். சித்தப்பாவின் மருத்துவமனைக் கோப்பு வீட்டில் எங்கேனும் இருந்தால் அதையும் தேடியெடுத்து, இரண்டையும் அப்பாவின் சி.டி. படத்தோடு ஒரே கோப்பில் வைத்து, அடுத்த முறை மருத்துவர் மேசையில் வையுங்கள்.